புருவம் தூக்கிய லட்சுமி

எங்கள் வீட்டு லட்சுமிக்கு இடது புருவம் கொஞ்சம் தூக்கல். 'நீ எழுதுகிற கணக்கு எனக்குத் தெரியாதா?' என்கிற மாதிரி ஒரு பார்வை. பி.காம். படித்தவனுக்கு இது சங்கடம்.

ஒரு முழம்கூட இல்லாத பீங்கான் பொம்மை. அம்மா தேவகோட்டையிலிருந்து கல்யாணமாகித் திருப்பூர் வந்தபோது, அம்மாவைப் பெற்ற ஆயா கொடுத்துவிட்டது. திருப்பிப் பார்த்தால் முதுகில் 'மேட் இன் ஜெர்மனி'.

லட்சுமி எப்போது ஜெர்மன்காரி ஆனாள் என்கிறீர்களா? 1894-ல் ரவிவர்மா பம்பாயில் அச்சகம் ஆரம்பித்தார். மிஷின் ஜெர்மனி. பிற்பாடு அதை வாங்கிய ஷ்லைஷரும் ஜெர்மன்காரர்தான். அந்தப் படங்களைப் பார்த்து ஜெர்மன் கம்பெனிகள் லட்சுமி, சரஸ்வதி எல்லாரையும் பீங்கானில் வார்த்துக் கப்பலேற்றிவிட்டன. பர்மா தேக்கு, பெல்ஜியம் கண்ணாடியோடு இவர்களும் செட்டிநாட்டு வீடுகளில் குடியேறினார்கள்.

அப்பா பனியன் லேபிள் அடிக்கும் சின்ன யூனிட் வைத்திருந்தார். ஒரு பார்ட்டி பணம் தராமல் இழுத்தடித்ததில் யூனிட் படுத்தது. பின்னாலேயே அப்பாவும் ஆஸ்பத்திரியில் படுத்தார். ஒரு ராத்திரி அம்மா பொம்மையை பனியன் வேஸ்ட்டில் சுற்றி என்னிடம் கொடுத்தாள்.

"காரைக்குடியில நல்ல விலைக்கு எடுக்குறாங்களாம். குடுத்துட்டு வாடா."

பஸ்ஸில் போகும்போது போனில் ஜெர்மன் பீங்கான் பற்றிப் படித்துக்கொண்டே போனேன். படிக்கப் படிக்க ஆசை ஏறியது.

பெர்லினில் மருந்துக்கடை எடுபிடியாக இருந்த பட்கர் என்ற பையன், 1701-ல் 'எனக்குத் தங்கம் செய்யத் தெரியும்' என்று அளந்துவிட்டான். விஷயம் ராஜா காதுக்குப் போனதும் சாக்ஸனிக்கு ஓட்டம். அங்கே அகஸ்டஸ் என்று இன்னொரு ராஜா. 'வா தம்பி, எனக்குச் செய்து கொடு' என்று பிடித்து அடைத்துவிட்டார். தங்கம் எங்கே வரும்? ஆனால் அகஸ்டஸுக்குத் தங்கத்தைவிடப் பெரிய பைத்தியம் சீனப் பீங்கான். 1717-ல் 151 பீங்கான் சாமான்களுக்காகத் தன்னுடைய 600 குதிரைப்படை வீரர்களைப் பக்கத்து ராஜாவுக்குக் கொடுத்திருக்கிறார் என்றால் பாருங்கள். ஒரு ஜாடிக்கு நாலு ஆள்!

ஷிர்ன்ஹவுஸ் என்கிற விஞ்ஞானியோடு சேர்ந்து மண்ணைக் கிளறிக் கிளறி, 1708-ல் பட்கர் நிஜமாகவே வெள்ளைப் பீங்கானைச் சுட்டுவிட்டான். கயோலின் என்ற வெள்ளைக் களிமண்ணும் கடுமையான சூடும்தான் ரகசியம். 1710-ல் மைசன் ஊர்க் கோட்டைக்குள் தொழிற்சாலை. கோட்டை எதற்கு? ரகசியம் வெளியே போகக்கூடாதே! ஆனாலும் பத்தே வருஷத்துக்குள் ஆட்கள் வியன்னாவுக்கு நழுவி அங்கே ஒரு கம்பெனிக்கு உயிர் கொடுத்துவிட்டார்கள். கட்டிங் மாஸ்டரைப் பக்கத்து கம்பெனிக்காரன் கொத்திக்கொண்டு போவதை தினம் பார்க்கிற ஊரில் இதெல்லாம் ஒரு செய்தியா? பட்கருக்கு விடுதலை கிடைத்தது 1714-ல். 1719-ல் செத்துப்போனான். வயசு முப்பத்தேழு.

1722 வாக்கில் மைசன் சாமானுக்கு அடியில் நீலத்தில் இரண்டு கத்திகள் குறுக்காக வந்தன. உலகத்தில் ரொம்ப வயசான டிரேட் மார்க்குகளில் ஒன்று. கோபால்ட் சாயம் தீட்டும்போது கறுப்பாகத்தான் தெரியும், சூளைக்குப் போய் வந்தால்தான் நீலம். சாயப்பட்டறைக்காரர்களுக்கு இந்த வயிற்றெரிச்சல் புரியும். கத்திதான் ராஜாவுடையது. பூ வரைந்தவன் பேர் பொதுவாகக் கிடையாது. 1739-லிருந்து, வடித்தவனுக்கு மட்டும் அடியில் ஒரு நம்பர். நம்ம ஊர் செக்கிங் நம்பர் மாதிரி.

முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு பெரியவர் பொம்மையை வாங்கியதும் முகத்தைப் பார்க்கவில்லை. நேராக முதுகு.

"கத்தி இல்லீங்களே தம்பி."

"மைசன் இல்லையா?"

"ஊர் பேரு மட்டும் போட்ருக்கான். எந்த கம்பெனியோ?"

ஊர் பேரைக்கூட அவர்களாக ஆசைப்பட்டுப் போடவில்லை. இங்கிலீஷ் பேரைப் போட்டு மட்டமான சாமான் விற்கிறார்கள் என்று 1887-ல் வெள்ளைக்காரன் போட்ட சட்டம். மானத்தை வாங்க ஒட்டிய லேபிள், கொஞ்ச காலத்தில் அவர்களுக்கே கிரீடமாகிவிட்டது. காதர்பேட்டையில் லேபிளை வெட்டி விற்கிறோமே, அவன் ஒட்டவைத்துச் சம்பாதித்தான்.

பெரியவர் லென்ஸை எடுத்தார். "கைவேலைதான். இந்தப் புருவம் பாருங்க, பிரஷ் நழுவியிருக்கு. எட்டாயிரம் தர்றேன்."

ஆஸ்பத்திரியில் கேட்டிருந்தது நாற்பது. எட்டும் எட்டுதானே என்று கையை நீட்டினேன். அந்தப் புருவத்தைப் பார்த்தேன். லட்சுமி யார், தாமரையில் ஏன் நிற்கிறாள் என்று அதை வரைந்த ஜெர்மன்காரனுக்கோ ஜெர்மன்காரிக்கோ தெரிந்திருக்குமா? சாயங்காலத்துக்குள் இத்தனை பீஸ் முடிக்கணும், அவ்வளவுதான். அவசரத்தில் நழுவிய அந்த ஒரு கோட்டைத்தான் அம்மா நாற்பது வருஷமாக 'அவ நம்மளப் பாக்குறாடா' என்று கும்பிட்டுக்கொண்டிருக்கிறாள்.

பொம்மையைத் திரும்பச் சுற்றினேன். பெரியவர் பத்தாயிரம் வரை ஏறினார். மறுநாள் பைக்கை விற்றேன், மீதிக்குக் கடன். அப்பா இப்போது நடமாடுகிறார். அம்மா மட்டும் அன்றைக்குக் கேட்டாள்: "ஏண்டா, அவ வரமாட்டேன்னுட்டாளா?"

போன வாரம் நான் டாகுமென்ட் பார்த்துக் கொடுக்கும் எக்ஸ்போர்ட் கம்பெனிக்குப் போயிருந்தேன். ஜெர்மனி ஆர்டர், ராத்திரி ஷிப்மென்ட். செக்கிங் டேபிளில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்த அக்கா ஒரு டீ-ஷர்ட்டைத் தூக்கிக் காட்டினார். மார்பில் பெரிசாக ஜெர்மன் எழுத்து.

"ஏனுங் தம்பி, காலைல இருந்து எண்ணூறு பீஸ் பாத்துட்டேன். இதுல என்னங் எழுதியிருக்குது?"

போனில் போட்டுப் பார்த்தேன்.

"'இன்னிக்கு எனக்கு லீவு'ன்னு போட்டிருக்குங்க்கா."

அக்கா சிரித்துவிட்டு அடுத்த பீஸை எடுத்தார்.