தூரம் உண்டு, திசை இல்லை

ஆய்வேட்டின் மூன்றாம் இயலை நான்காவது முறையாகத் திருத்திக்கொண்டிருக்கிறேன். வட்டாரத் திட்டமிடலுக்காகச் செயல்சார் மண்டலங்களை வரையறுப்பது அந்த இயலின் பொருள். கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்கள் தமிழ்நாட்டைத் தொடும் எல்லைப் பகுதிகளே களம். சென்ற வாரம் என் நெறியாளர் வரைபடத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, “இந்தக் கோட்டை எந்தத் தரவைக் கொண்டு போட்டீர்கள்?” என்று கேட்டார். என்னால் உடனே விடை சொல்ல இயலவில்லை. அந்தத் தயக்கத்தை எழுதித் தெளிவுபடுத்திக்கொள்ளவே இந்தப் பதிவு.

இத்துறைக்குப் புதிய மாணவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். மண், மழை, பயிர் போன்றவற்றில் ஒத்திருக்கும் நிலப்பரப்பை ஒருசீர் மண்டலம் என்கிறோம். செயல்சார் மண்டலம் அத்தகையதன்று. அது தொடர்பால் உருவாவது. வேலைக்கும் சந்தைக்கும் மருத்துவத்திற்கும் படிப்பிற்கும் எந்தெந்த ஊர்கள் எந்த மையத்தை நாடுகின்றன என்பதே அதன் எல்லையைத் தீர்மானிக்கிறது. ரெய்லி 1931இல் சில்லறை வணிக ஈர்ப்பு விதியையும், கிறிஸ்டாலர் 1933இல் மைய இடக் கோட்பாட்டையும் முன்வைத்ததிலிருந்து இச்சிந்தனை வளர்ந்து வந்திருக்கிறது. பிரிட்டனில் ‘பணிப்பயணப் பகுதி’களை வரையும்போது, ஒரு பகுதியில் வசிக்கும் உழைப்பாளர்களுள் பொதுவாக 75 விழுக்காட்டினர் அப்பகுதிக்குள்ளேயே வேலை செய்கிறார்களா, அங்கே வேலை செய்வோருள் அதே அளவினர் அங்கேயே வசிக்கிறார்களா என்று பார்க்கிறார்கள். யார் எங்கிருந்து எங்கே செல்கிறார் என்பது அந்நாட்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பதிவாவதால் இது இயல்கிறது.

நம்மிடம் இருப்பது என்ன? 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பணியிடத்திற்கும் வீட்டிற்கும் இடையிலான தூரம் குறித்து ஓர் அட்டவணை வெளியாயிற்று. எத்தனை கிலோமீட்டர், நடந்தா, பேருந்திலா என்பது அதில் உண்டு. எந்த ஊரை நோக்கி என்பது இல்லை. அதுவும் ‘பிற தொழிலாளர்’ என்ற வகையினருக்கு மட்டுமே. உழவரும் விவசாயக் கூலித் தொழிலாளரும் அதனுள் அடங்கார். தூரம் உண்டு, திசை இல்லை. திசை இல்லாத தரவைக்கொண்டு செயல்சார் மண்டலம் வரைவது, ஆறு ஓடும் பக்கம் தெரியாமல் அணை கட்டுவதற்கு ஒப்பாகும்.

இது எனக்கு வெறும் முறையியல் சிக்கல் அன்று. நான் கம்பம் பள்ளத்தாக்கில் வளர்ந்தவன். என் தாயார் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஏலக்காட்டு வேலைக்குச் சென்றவர். விடியுமுன் ஜீப் வந்து நிற்கும். தூக்குவாளியுடன் ஏறி, கம்பம்மெட்டு வளைவுகளைக் கடந்து, வண்டன்மேட்டுப் பக்கம் காய் எடுத்துவிட்டு, இருட்டும் நேரத்தில் திரும்புவார். குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு ஆகிய மூன்று வழிகளிலும் தேனி மாவட்டப் பெண்கள் ஆயிரக்கணக்கில் இன்றும் இப்படித்தான் மலையேறுகிறார்கள். அவர்கள் எடுத்த காய், விளைச்சல் கணக்கில் இடுக்கிக்கு உரியது. அவர்களோ மக்கள்தொகைக் கணக்கில் தேனிக்கு உரியவர்கள். அதே ஏலக்காய் புற்றடியிலும் போடிநாயக்கனூரிலும் நடைபெறும் மின்னணு ஏலங்களில் விலைபோகிறது. ஓர் உற்பத்தி முறை முழுவதும் இரு மாநிலங்களில் பரவியிருக்க, அதை முழுமையாகக் காணும் அட்டவணை எதுவும் இல்லை.

இந்தத் தொடர்பு புதிதன்று. மூணாறுத் தேயிலை ஒரு காலத்தில் குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாகச் சிறு ரயிலில் டாப் ஸ்டேஷன் வந்து, கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கி, போடிநாயக்கனூர் சென்றது. 1924ஆம் ஆண்டு வெள்ளம் அந்த ரயில் பாதையை அழித்தது. அதற்கு முன்பே, 1895இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணை, மேற்கே பாய வேண்டிய நீரைக் கிழக்கே வைகை நிலங்களுக்குத் திருப்பிவிட்டது. மாநில மறுசீரமைப்பு ஆணையம் 1955இல் தந்த பரிந்துரைகளின்படி, 1956இல் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நிலைபெற்றன. இடுக்கி மாவட்டம் 1972இல் உருவாயிற்று. எல்லைகள் பின்னால் வந்தவை. பாதைகள் முன்பே இருந்தவை.

இவ்வளவு தூரம் எழுதிய பிறகு, ‘ஆகவே எல்லையைப் பொருட்படுத்தாமல் பாய்வுகளைப் பின்பற்றி மண்டலத்தை வரைக’ என்று முடித்திருந்தேன். பறம்பிக்குளம் அந்த முடிவைக் குலைத்தது.

பறம்பிக்குளம் பாலக்காடு மாவட்டத்தில், சிற்றூர் வட்டத்தில், முதலமடை ஊராட்சியைச் சேர்ந்தது. ஆனால் அங்கே வாகனத்தில் செல்ல வேண்டுமானால் தமிழ்நாட்டின் சேத்துமடை, டாப் சிலிப் வழியாகத்தான் செல்ல வேண்டும். காடர், மலசர், முதுவர் முதலிய பழங்குடியினர் தம் ஊராட்சி அலுவலகத்திற்குச் செல்லவே ஒரு மாநிலத்தை விட்டு வெளியேறி, சமவெளியைச் சுற்றி, கோவிந்தாபுரம் அருகே மீண்டும் அதே மாநிலத்திற்குள் நுழைகிறார்கள். பாய்வை மட்டும் அளந்தால் பறம்பிக்குளம் ஐயமின்றிப் பொள்ளாச்சியின் செயல்சார் மண்டலத்தில் விழும். அந்தப் பாய்வு விருப்பத்தின் விளைவா, வேறு வழியில்லாமையின் விளைவா? என் சூத்திரம் அதைக் கேட்கவே இல்லை. இல்லாத சாலையை அது ‘ஈர்ப்பு’ என்று பெயரிட்டுவிட்டது.

இதன் மறுபக்கத்தை 2020 காட்டியது. ஊரடங்கில் மலைவழிகள் அடைபட்டன. ஜீப்புகள் ஓடவில்லை. என் தாயார் திண்ணையில் அமர்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மாதங்களில் எவரேனும் பாய்வை அளந்திருந்தால் கம்பத்திற்கும் வண்டன்மேட்டிற்கும் தொடர்பே இல்லை என்றுதான் முடிவு வந்திருக்கும். வீட்டில் கூலி நின்றதோ, அத்தொடர்பு எவ்வளவு ஆழமானது என்பதைக் காட்டியது. அளக்கப்படும் பாய்வு வேறு, தேவை வேறு. பறம்பிக்குளத்தில் பாய்வு தேவையை மறைக்கிறது. கம்பம்மெட்டில் பாய்வு நின்றபோது தேவை வெளிப்பட்டது.

நிர்வாக அமைப்பும் இதற்கு உதவுவதாயில்லை. அரசியலமைப்பின் 243ZD பிரிவு மாவட்டத் திட்டக் குழுவைத் தருகிறது. மாவட்டத்தோடு அதன் பார்வை முடிகிறது. எல்லை தாண்டிய திட்டமிடல் இயலாத ஒன்றன்று. 1948இல் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகமும், 1985இல் தேசியத் தலைநகர் வட்டாரத் திட்ட வாரியமும் மாநில எல்லைகளைக் கடந்தே அமைக்கப்பட்டன. நம் பகுதியிலேயே, 1970இல் கையெழுத்தான பறம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தத்தின்படி, மணக்கடவு அணைக்கட்டில் ஆண்டுக்கு 7.25 டிஎம்சி நீர் சிற்றூர்ப்புழைக்கு அளந்து தரப்பட வேண்டும். எல்லையைக் கடக்கும் நீருக்கு அளவும் திசையும் கணக்கும் உண்டு. எல்லையைக் கடக்கும் மனிதர்களுக்கு அவை இல்லை.

மொழி அரசியல் வலுவாக உள்ள இந்நிலத்தில், எல்லைக்குக் குறுக்கே மண்டலம் வரைந்தால் அது நில உரிமைக் கோரிக்கையாகப் படிக்கப்படும் என்ற அச்சம் எனக்கு உண்டு. ஆகவே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். செயல்சார் மண்டலம் ஓர் அரசுக்கு எதிராக இன்னோர் அரசுக்குத் தரும் சான்று அன்று. ஓர் ஊர் வேலைக்கு ஒரு மையத்தையும், மருத்துவத்திற்கு இன்னொன்றையும், சான்றிதழுக்கு மூன்றாவதையும் நாடலாம். மண்டலங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியலாம். மாநில எல்லைகள் அப்படிப் படிய முடியாது. கோரிக்கை நிலத்தைப் பற்றியதன்று. ஜீப்பில் ஏறும் ஒரு பெண்ணுக்கான பாதுகாப்பான பேருந்து, தோட்டத்தருகே ஒரு மருத்துவமனை, இரு மாநிலங்களும் ஏற்கும் ஒரு தொழிலாளர் பதிவு ஆகியவற்றைப் பற்றியது.

நெறியாளருக்கு நேற்று விடை எழுதினேன். வரைபடத்திலிருந்து கோட்டை அழித்துவிட்டேன். அதற்குப் பதிலாக இரு அடுக்குகள். முதலாவதில் மெட்டுகளில் நானே எண்ணப்போகும் பயணங்கள்: காய் எடுப்புக் காலத்திலும் பிற காலத்திலும் தனித்தனியே, அம்புக்குறிகளாக. இரண்டாவதில், “எங்கே செல்கிறீர்கள்?” என்பதோடு, “வழி இருந்தால் எங்கே செல்வீர்கள்?” என்ற வினாவுக்கான விடைகள். இரண்டும் ஒன்றும் இடங்களில் மண்டலத்தின் எல்லையைத் துணிந்து வரையலாம். விலகும் இடங்களிலோ கோட்டுக்கு அவசரமில்லை. அங்கே முதலில் தேவைப்படுவது திட்டம்.

இவ்வினாக்களை என் தாயாரிடமும் கேட்டுப் பார்த்தேன். “வழி இருந்தா எதுக்குடா மலை ஏறப் போறேன்? இங்கேயே வேல பார்ப்பேன்” என்றார். அந்த விடையை எந்த அடுக்கில் வைப்பது என்று இன்னும் தெரியவில்லை. முதுகுன்றம் முதல் முதலமடை வரை என்று எளிதாக எழுதிவிடும் நாம், நடுவே வாழ்பவர் எங்கும் செல்ல வேண்டியிராத ஒரு நிலையையும் வளர்ச்சி என்று எண்ணிப் பார்த்ததுண்டா?

எல்லைப் பகுதிகளில் பணிப்பயணத் தரவு திரட்டிய அனுபவமுள்ள நண்பர்கள் தங்கள் வினாநிரல்களைப் பகிர்ந்தால் நன்றியுடையவனாவேன்.