பாட்டில்லாத படமும் பனியன் கம்பெனி மாப்பிள்ளையும்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு படிக்க ஆரம்பித்தால் பஸ் போய்விடும். வீட்டுக்குப் போய்க் கைகால் கழுவி, ஒரு டீ போட்டுக்கொண்டு உட்கார்ந்து படியுங்கள் கண்ணுகளா.

பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் இரண்டைப் பற்றி எழுதப் போகிறேன். அதோடு, படம் பிடிக்கவில்லை என்று ஒருவர் சொன்னதால் எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்பதையும் எழுதுகிறேன். சம்பந்தப்பட்ட இருவரிடமும் கேட்டு, இருவரும் சரி என்று சொன்ன பிறகுதான் எழுதுகிறேன். ஆகவே யாரும் எனக்குப் போன் போட்டு, "அத இப்படி ஊருக்கே சொல்லலாமா?" என்று கேட்க வேண்டாம்.

முதலில் படங்கள். இரண்டையும் எடுத்தவர் வீணை எஸ். பாலசந்தர். 1927இல் பிறந்தவர். 1934இல் வந்த 'சீதா கல்யாணம்' படத்தில் சின்னப் பையனாக நடித்தவர். வீணையை எந்தக் குருவிடமும் போய்க் கற்காமல், தானே வாசித்து வாசித்து உலகம் அறிந்த வித்வான் ஆனவர். பத்மபூஷண் விருதும் வாங்கினார். இவ்வளவு பெரிய சங்கீதக்காரர், 1954இல் ஒரு பாட்டுகூட இல்லாமல் ஒரு தமிழ்ப் படம் எடுத்தார். அதுதான் 'அந்த நாள்'. தயாரித்தது ஏவி.எம். பாட்டு கிடையாது, நடனம் கிடையாது, சண்டைக் காட்சி கிடையாது.

இது எவ்வளவு பெரிய துணிச்சல் என்று இன்றைய பிள்ளைகளுக்குப் புரியாது. அந்தக் காலத்தில் ஒரு படத்தில் பத்துப் பாட்டு இருந்தால் அது சாதாரணம். சினிமாக் கொட்டகை வாசலில் பாட்டுப் புத்தகம் விற்பார்கள். பூளவாடியில் பிறந்து, உடுமலை என்ற பேரைத் தன் பேருக்கு முன்னால் வைத்துக்கொண்டு தமிழ் சினிமாவுக்குப் பாட்டெழுதிய நாராயணகவி ஐயாவின் ஊர் நம்முடையது. இந்த ஊரில் போய்ப் பாட்டில்லாத படம் என்றால் யார் ஏற்றுக்கொள்வார்கள்? என் அம்மா சொல்வார்கள்: "அந்தப் படத்துக்குப் போனவங்க, இப்ப வரும் இப்ப வரும்னு பாட்டுக்குக் காத்திருந்தே படம் முடிஞ்சிருச்சு."

சிவாஜி கணேசன் 1952இல் 'பராசக்தி'யில் அறிமுகமானவர். 1954 மார்ச்சில்தான் 'மனோகரா' வந்தது. சங்கிலியோடு இழுத்து வரப்பட்டு அவர் பேசிய வசனம் ஊரெல்லாம் முழங்கிக்கொண்டிருந்த நேரம். அடுத்த மாதமே, ஏப்ரல் 13 அன்று, 'அந்த நாள்' வெளியானது. படம் தொடங்கியதுமே ஒரு துப்பாக்கிச் சத்தம். சிவாஜி செத்து விழுகிறார்! ரசிகர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? வசூலில் படம் தோற்றது. ஆனால் அதே ஆண்டின் தேசிய விருதுகளில் அதற்கு நற்சான்றிதழ் கிடைத்தது. பின்னால் திரும்பத் திரும்பத் திரையிட்டபோதுதான் ஜனங்களும் கொண்டாடத் தொடங்கினார்கள்.

ஒரு சுவாரசியம் சொல்கிறேன். அந்த ஆண்டு தமிழுக்குக் குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் வாங்கியது எந்தப் படம் தெரியுமா? நம் கோயமுத்தூர் பட்சிராஜா ஸ்டுடியோ எடுத்த 'மலைக்கள்ளன்'. எம்.ஜி.ஆர். நடித்தது. பாட்டு, சண்டை, குதிரை, மாறுவேடம் எல்லாம் உள்ள படம், வசூலையும் அள்ளியது. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு படங்களுக்கு ஒரே ஆண்டில் ஒரே குழு மரியாதை செய்திருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கதை இதுதான். இரண்டாம் உலகப் போர்க் காலத்துச் சென்னை. 1943 அக்டோபரில் ஜப்பான்காரன் சென்னையில் குண்டு போட்ட பின்னணி. ராஜன் என்ற ரேடியோ இன்ஜினீயர் சுடப்பட்டு இறக்கிறார். சி.ஐ.டி. அதிகாரியாக ஜாவர் சீதாராமன் வருகிறார். படத்துக்கு எழுதியவரும் அவரே. பக்கத்து வீட்டுக்காரர், தம்பி, தம்பி மனைவி, நடனக்காரி, மனைவி என்று ஒவ்வொருவரையும் விசாரிக்கிறார். ஒவ்வொருவரும் இன்னொருவரைக் கைகாட்டுகிறார்கள். ஜப்பானில் குரோசாவா 1950இல் எடுத்த 'ரஷோமோன்' படத்தின் பாதிப்பு என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அந்தப் படத்தில் உண்மை எது என்று கடைசிவரை நமக்குத் தெரியாது. நம் படத்தில் தெரிந்துவிடும். கொலையாளி யார் என்று நான் சொல்லமாட்டேன். மாருதி ராவின் ஒளிப்பதிவில் முகத்தில் பாதி வெளிச்சம், பாதி இருட்டு. அதைப் பார்த்தாலே இந்த மனிதர்கள் பாதியைத்தான் சொல்கிறார்கள் என்று தோன்றும்.

இரண்டாவது படம், பத்து வருடம் கழித்து 1964இல் பாலசந்தர் எடுத்த 'பொம்மை'. ஒருவரைக் கொல்வதற்காக நடக்கும் பொம்மை ஒன்றுக்குள் வெடிகுண்டை வைக்கிறார்கள். பொம்மை கைதவறி, ஆள் மாறி ஆள் மாறி ஊர் சுற்றுகிறது. இதில் பாட்டு உண்டு. ஜேசுதாஸ் குரல் தமிழ்ப் படத்தில் முதலில் ஒலித்தது இதில்தான். சிரிப்பும் உண்டு. சிரித்துக்கொண்டிருக்கும்போதே வயிற்றில் புளியைக் கரைக்கும். ஆங்கிலப் பட இயக்குநர் ஹிட்ச்காக் ஒரு விஷயம் சொல்வார். மேசைக்கு அடியில் குண்டு இருப்பது நமக்குத் தெரியாமல் வெடித்தால் பதினைந்து விநாடி அதிர்ச்சிதான். நமக்குத் தெரிந்து, மேசையில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியாவிட்டால் பதினைந்து நிமிடம் பதைபதைப்பு என்பார். 'பொம்மை' முழுக்க அந்தப் பதைபதைப்புதான்.

இனி வீட்டுக் கதை. பொங்கலுக்குத் திருப்பூர்க் கம்பெனிகளுக்கு லீவு விட்டதும் அக்கா வீட்டில் எல்லோரும் கூடினோம். என் அண்ணன் நிறையப் படித்தவர், ரசனை உள்ளவர். அவர்தான் பிள்ளைகளைக் கூப்பிட்டு டிவியில் 'அந்த நாள்' போடச் சொன்னார். மறுநாள் 'பொம்மை'. பார்த்தவர்கள் மூன்று கட்சியாகப் பிரிந்தோம். அண்ணனுக்கு 'அந்த நாள்' காவியம், 'பொம்மை' விளையாட்டு. கல்லூரியில் படிக்கும் பேத்திக்கு இரண்டுமே மெதுவு. அக்கா மகளின் கணவருக்கு, அதாவது மாப்பிள்ளைக்கு, 'பொம்மை' பிடித்தது, 'அந்த நாள்' பிடிக்கவில்லை.

மாப்பிள்ளை பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். சீசன் நேரத்தில் ஒன்றரை ஷிப்ட். இரவு வீட்டுக்கு வரும்போது பிள்ளைகள் தூங்கியிருப்பார்கள். அவர் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில், "அந்த நாள் எனக்குப் பிடிக்கல, பொம்மைதான் நல்லா இருந்துச்சு" என்று ஒரு வரி போட்டார். அண்ணன் அதற்கு, ஓவர்லாக் மெஷினில் உட்காருகிறவருக்கு ஒளியும் நிழலும் எங்கே புரியப் போகிறது என்று பதில் போட்டார். தமாஷுக்குத்தான் எழுதினேன் என்று பிறகு சொன்னார். மாப்பிள்ளை ஒன்றும் பேசவில்லை, குரூப்பை விட்டு வெளியேறிவிட்டார். மாசி மாதம் அண்ணன் பேரனுக்குக் காதுகுத்து. "ஆர்டர் அவசரம், வர முடியாது" என்று சொல்லிவிட்டார். அக்கா அழுதார்கள். கட்டிக்கொடுத்த வீட்டில் பெண்ணுக்கு இதனால் ஒரு சொல் வந்துவிடுமோ என்று அவர்களுக்குப் பயம். எழுபது வருடத்துக்கு முந்தைய ஒரு படத்துக்காக!

நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டுக்குப் போனேன். சமாதானம் பேசப் போகவில்லை. "மாப்பிள்ளை, அந்தப் படம் ஏன் பிடிக்கலைன்னு எனக்குச் சொல்லுங்க, தெரிஞ்சுக்கறேன்" என்றேன். முதலில் தயங்கினார். பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அத்தை, படம் புரியாம இல்லீங்க. அதுல நடக்கறது எங்க கம்பெனில தினமும் நடக்குது. பீஸ் ரிஜெக்ட் ஆனா சூப்பர்வைசர் வருவாரு. செக்கிங்ல கேட்டா டெய்லர் தப்பும்பாங்க. நாங்க கட்டிங் மாஸ்டர் தப்பும்போம். கட்டிங்ல துணி சரியில்லைம்பாங்க. துணிக்காரர் சாயப்பட்டறையைச் சொல்லுவாரு. எல்லாரும் சொல்றது பாதி நெசம்ங்க. கடைசில யாரு கம்மியாப் பேசறாங்களோ அவங்க கூலில புடிப்பாங்க. அதையே லீவு நாள்லயும் உட்கார்ந்து பார்க்கணுமான்னு இருந்துச்சு. அப்புறம், மூணாவது ஆளை விசாரிக்கும்போதே இவங்களும் இல்லைன்னு தெரிஞ்சு போச்சுங்க. பொம்மைல குண்டு எங்கிருக்குன்னு தெரிஞ்சும் நகர முடியல. படம் முடிஞ்சதும் நடிச்சவங்க, வேலை செஞ்சவங்க எல்லாரையும் அறிமுகப்படுத்தினாங்க பாருங்க, அது எனக்கு ரொம்பப் புடிச்சுது. நாங்க தைக்கற பனியன்ல எங்க பேரா இருக்கு?"

முப்பத்துச் சொச்சம் வருடம் பிள்ளைகளிடம் பதில் கேட்டவள் நான். இதற்கு மேல் அந்த இரண்டு படங்களைப் பற்றி யார் என்ன சொல்லிவிட முடியும்? உண்மை பாதி பாதியாக எல்லோரிடமும் கிடக்கிறது என்பதுதானே 'அந்த நாள்' படத்தின் உயிர்? அதைப் பிடித்தவர்களைவிடப் பிடிக்காதவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். மூன்றாவது விசாரணையிலேயே ஊகம் வந்துவிட்டது என்று அவர் சொன்ன குறையும் நியாயமான குறைதான். அதற்காக அண்ணனின் ரசனை பொய் என்றும் நான் சொல்லவரவில்லை. பாட்டில்லாமல் எடுத்த அந்தத் துணிச்சலும், அந்த நிழலும் வெளிச்சமும் அவருக்கு எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியும். இளம் வயதில் தனியாகத் தியேட்டருக்குப் போய் ஒரே படத்தை மூன்று முறை பார்த்துவிட்டு வருகிறவர் அவர்.

அன்று மாலையே அண்ணனுக்குப் போன் செய்து மாப்பிள்ளை சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அவனா இப்படிச் சொன்னான்?" என்று கேட்டார். "அவருதான் சொன்னாருங்கண்ணா" என்றேன். மறுபடியும் சத்தமில்லை. பிறகு மாப்பிள்ளையின் நம்பரைத் தன் போனில் தேடச் சொல்லிப் பேரனைக் கூப்பிடுவது கேட்டது. அவர்கள் இருவரும் என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. அடுத்த வாரம் மாப்பிள்ளை மீண்டும் குரூப்பில் இருந்தார். காதுகுத்து முடிந்தது முடிந்ததுதான், அந்த நாளைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. அக்காவுக்கு அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

என்னிடம் ஐந்தாம் வகுப்புப் படித்தவர்களுக்கு ஒரு பயிற்சி நினைவிருக்கும். 'பள்ளிக்கு வரும் வழியில் இன்று நீ கண்டது என்ன?' ஐந்து வரி எழுத வேண்டும். ஒரே தெருவில் வருகிற பிள்ளைகள் ஆளுக்கு ஒன்று எழுதுவீர்கள். ஒருவன் தள்ளுவண்டியை எழுதுவான். ஒருத்தி குட்டி போட்ட நாயை எழுதுவாள். இன்னொருத்தி, தினமும் கோயில் முன்னால் உட்காரும் பாட்டி இன்று இல்லை என்று எழுதுவாள். இல்லாததையும் பார்த்த பிள்ளை அவள்! அந்தப் பயிற்சிக்கு விடைக்குறிப்பு கிடையாது. "பார்த்தேன்" என்று மட்டும் எழுதினால் திருப்பிக் கொடுப்பேன், எதைப் பார்த்தாய், எப்படி இருந்தது என்று எழுதினால் வாங்கிக்கொள்வேன். படத்துக்கும் அதே பயிற்சிதான். "சூப்பர்" என்பதும் பதில் ஆகாது, "மொக்கை" என்பதும் பதில் ஆகாது. எந்த இடம் இழுத்தது, எந்த இடம் தள்ளியது, ஏன் என்று சொல்ல வேண்டும். சொன்னவரின் தொழிலையும் படிப்பையும் பார்க்காமல் சொன்ன விஷயத்தைப் பார்க்க வேண்டும். 1954இல் விருதுக் குழு 'மலைக்கள்ள'னையும் மதித்தது, 'அந்த நா'ளையும் மதித்தது. நமக்கு ஒரு வீட்டுக்குள் அது முடியாதா?

ஆகவே வீட்டுப்பாடம் தருகிறேன். இந்த இரண்டு படங்களில் ஒன்றைப் பாருங்கள். நேரம் இருப்பவர்கள், பாலசந்தரே எடுத்து 1970இல் வெளிவந்த 'நடு இரவில்' படத்தையும் பாருங்கள். கீழே கமெண்டில் ஐந்து வரி எழுதுங்கள். பிடிக்கவில்லை என்றால் இன்னும் மகிழ்ச்சி, எந்த இடத்தில் என்று மட்டும் சொல்லுங்கள். எழுத்துப்பிழை இருந்தால் திருத்துவேன், அந்தப் பழக்கம் என்னை விட்டுப் போகாது. கருத்தைத் திருத்தமாட்டேன். கொலையாளி யார் என்று மட்டும் யாரும் எழுதிவிடாதீர்கள். எழுதினால் பெஞ்சு மேல் ஏற்றிவிடுவேன்.

வெயில் ஏறிவிட்டது. தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர், உடுமலை