சைவ எண்ணெய்தானே, அண்ணே?

பினாங்கு ஜார்ஜ்டவுனில், லிட்டில் இந்தியாவை ஒட்டிய ஒரு சந்தில் எனக்கு ஒட்டுக்கடை. உளுந்து வடை, மசால் வடை, இறால் வடை, பிசாங் கோரெங் எனும் பொரித்த வாழைப்பழம். பல வருடங்கள் ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சிப் பொரித்து விற்றேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல வழியில்லை, தெரிந்துதான் செய்தேன்.

முறை எளிது. கடை கட்டும்போது குவாலிச் சட்டியில் மிஞ்சியதை ஆறவிட்டு, துணியில் வடிகட்டி, காலியான 17 கிலோ டின்னில் ஊற்றி வைப்பேன். மறுநாள் அதையே ஏற்றி, குறைகிற அளவுக்கு மட்டும் புதுசு சேர்ப்பேன். வாடை அடித்தால் இஞ்சித் துண்டும் பாண்டான் இலையும் போட்டுக் காய்ச்சினால் கொஞ்சம் அடங்கும். வாழைப்பழம் பொரித்த நாளில் சர்க்கரை கருகி எண்ணெய் சீக்கிரமே கறுத்துவிடும்; அன்று இரண்டு தடவை வடிகட்டுவேன். நுரை அடங்காமல் விளிம்புவரை பொங்கினால்தான் அந்த எண்ணெய்க்கு விடுதலை. சோதனைக்கு ஆட்கள் வரும் நாளில் தொப்பி, ஏப்ரன், டைபாய்டு ஊசி போட்ட அட்டை எல்லாம் பக்காவாக இருக்கும். பழைய டின் மட்டும் மாவு மூட்டைக்குப் பின்னால் போய்விடும்.

எனக்குச் சாதகமான ஒரு உண்மையும் உண்டு. புத்தம்புது எண்ணெயில் முதல் ஈடு வடை வெளுப்பாகத்தான் வரும். கொஞ்சம் உழைத்த எண்ணெயில்தான் அந்தப் பொன்னிறம் ஏறும். பொரிக்கிற எவரைக் கேட்டாலும் சொல்வார்கள். இந்தச் சின்ன உண்மையை வைத்துக்கொண்டு ஒரு வாரத்து எண்ணெயை நான் நியாயப்படுத்தினேன். பொரிக்கும் எண்ணெயில் பிளாஸ்டிக் உறிஞ்சுகுழலைப் போட்டு மொறுமொறுப்பாக்குகிறார்கள் என்று அவ்வப்போது ஒரு வதந்தி கிளம்பும். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உள்ளூர ஒரு நிம்மதி: நான் அந்த ஜாதி இல்லையே!

பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தை இந்த ஊரில் தெரியாதவர் இல்லை. 2019-இல் மறையும்வரை எஸ்.எம். முகமது இத்ரிஸ் அதன் தலைவராக இருந்து, தட்டில் விழும் ஒவ்வொன்றைப் பற்றியும் எச்சரித்தபடியே இருந்தார். வடை மடிக்க நான் வாங்கும் பழைய தாள்களுக்கு நடுவே அப்படி ஒரு கட்டுரை அகப்பட்டது. பலமுறை காய்ச்சிய எண்ணெயின் கெடுதலைப் பற்றியது. நின்றுகொண்டே முழுசாகப் படித்தேன். பிறகு அந்தத் தாளிலேயே வடை மடித்துக் கொடுத்தேன்.

மலேசிய தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பக் காய்ச்சிய செம்பனை எண்ணெயை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் இரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது. இந்தியாவில், எண்ணெய் கெடும்போது சேரும் துருவச் சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டினால் அதில் சமைக்கக் கூடாது என்று 2018 ஜூலையிலிருந்து விதி. இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. ஆனால் புகை கண்ணைக் கரித்ததும், குவாலி விளிம்பில் கோந்து மாதிரி பிசின் ஒட்டியதும் அப்போதே தெரியும். அதற்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை.

விலைவாசியைக் காரணம் சொல்லலாம். 2022 மார்ச்சில் கச்சா செம்பனை எண்ணெய் டன்னுக்கு 7,000 மலேசிய வெள்ளியைத் தாண்டியது. ஜூலை 1 முதல் புட்டி எண்ணெய்க்கு மானியம் நின்றது. வீடுகளுக்கான ஒரு கிலோ பாக்கெட் மட்டும் 2 வெள்ளி 50 காசிலேயே இருந்தது. சக வியாபாரிகளோடு சேர்ந்து நானும் புலம்பினேன். ஆனால் எண்ணெய் மலிவாகக் கிடந்த காலத்திலும் அந்த டின் மாவு மூட்டைக்குப் பின்னால்தான் இருந்தது. கஷ்டத்தில் தொடங்கிய பழக்கமல்ல அது. வீணாக்காதவன் என்று எனக்கு என்மேல் ஒரு பெருமை.

இதைவிடக் கேவலமானது ஒன்று இருக்கிறது. ஒரே டின் என்றால் இறால் பொரித்ததும் அதில்தான். வெள்ளிக்கிழமை, குவீன் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு வரும் பெண்கள் கேட்பார்கள்: "சைவ எண்ணெய்தானே, அண்ணே?" நான் தலை நிமிராமல், "ஆமாம்மா" என்பேன். வடையைப் புரட்டிக்கொண்டிருந்தால் தலை நிமிர வேண்டியதில்லை, அது ஒரு வசதி. இறால் ஒத்துக்கொள்ளாத உடம்புக்காரர்களும் வாங்கியிருக்கக்கூடும். அப்படி ஒரு யோசனையே எனக்கு அப்போது வந்ததில்லை.

தைப்பூசத்தில் மட்டும் நான் வேறு ஆள். தண்ணீர்மலை முருகன் கோயில் பக்கம் கடை போடுவேன். குவாலியைப் புளி போட்டுத் தேய்த்து, சீல் உடைக்காத டின் திறந்து, விடிய விடிய உளுந்து வடையும் மசால் வடையும் மட்டுமே. கறுக்கத் தொடங்கினால் மாற்றிவிடுவேன். முருகனுக்குப் பயம். மற்ற நாளெல்லாம் என் முன்னால் காசை நீட்டி நின்றவர்களுக்கு நான் பயப்படவில்லை. எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்பதற்கு இந்த ஒரு இரவைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

நிறுத்தியது மனசாட்சி என்று எழுத ஆசைதான். பழைய எண்ணெய் சேகரிக்கிற ஆள் ஒருவர் லோரியோடு சந்துக்கு வரத் தொடங்கினார். பயோடீசலுக்குப் போகிறதாம், சிங்கப்பூரில் நெஸ்டே ஆலை இதே மாதிரிக் கழிவு எண்ணெயிலிருந்து விமான எரிபொருள்கூடச் செய்கிறது. கிலோவுக்கு அவர் சொன்ன விலை அந்த மானியப் பாக்கெட்டின் விலையைவிட அதிகம். கெட்டுப்போனதை வாங்க ஆள் வந்ததும், மனிதர்களுக்கு அதைத் தின்னக் கொடுப்பது எனக்கு நஷ்டக் கணக்காகிவிட்டது. அந்த வாரமே டின்கள் லோரி ஏறின.

இப்போது இறாலுக்குத் தனிக் குவாலி, தனி அடுப்பு. எண்ணெய் இரண்டாம் நாளைத் தாண்டுவதில்லை. வடை வெளுப்பாக இருக்கிறது என்று பழைய வாடிக்கையாளர்கள் குறைப்படுகிறார்கள். கேஸ் செலவு கூடியதால் வடைக்குப் பத்துக் காசு ஏற்றினேன். ஏன் என்று கேட்டவர்களிடம் உளுந்து விலை ஏறிவிட்டது என்றேன்.