கதிரவெளிக் கச்சானும் என் முதுமாணியும்

மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் நிதிக் கணிதம். பேராதனை விஞ்ஞானப் பட்டப்பின்படிப்பு நிறுவகத்தில் பிரயோகப் புள்ளிவிபரவியல். இரண்டு விண்ணப்பப் படிவங்களும் ஒரு மாதமாக எங்கள் வீட்டு மேசையில் கிடந்தன. நிகழ்தகவு, காலத்தொடர் என்று இரண்டிலும் பாதிப் பாடங்கள் ஒன்றுபோலவே தெரிந்தன. தோழிகள் எல்லோரும் முதலாவதையே சொன்னார்கள். கொழும்பில் வங்கி வேலை கிடைக்குமாம். எது சீக்கிரம் முடியும் என்பது மட்டும்தான் உம்மாவின் கேள்வி.

வாப்பா கச்சான் வியாபாரி. ஓட்டமாவடியிலிருந்து வாகரை தாண்டிக் கதிரவெளி வரை போய் வாங்குவார். விதைக்கிற நாளிலேயே முழுக்காசையும் கொடுத்து, இத்தனை கிலோ, இன்ன தரம், இன்ன மாதம் என்று பேசிக்கொள்வார். மார்க்கத்தில் இதற்கு ஸலம் என்று பெயர். அளவும் எடையும் தவணையும் தெளிவாக இருக்க வேண்டும் என்பது நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் இட்ட நிபந்தனை. வட்டி கிடையாது. ஆனால் அறுவடை நேரத்தில் மழை அடித்தால் கச்சான் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும். அப்போது வாப்பா அடுத்த போகம் வரை பொறுப்பார், அல்லது கொடுத்த காசை மட்டும் திருப்பிக் கேட்பார். உழவுக்கும் விதைக்கும் போன காசை அந்த மனிதர் எங்கே போய்த் தேடுவார்?

நிதிக் கணிதம் படிக்கிறவர்கள் தவறாமல் சந்திப்பது, 1973இல் பிளக்கும் ஷோல்ஸும் வெளியிட்ட சமன்பாடு. அழகான கணிதம், அதோடு பல இரவுகள் விழித்திருக்கிறேன். ஆனால் ஒரு பங்கை எந்த நொடியிலும் வாங்கலாம், விற்கலாம் என்ற எடுகோளின் மேல்தான் அது நிற்கிறது. மண்ணுக்குள் கிடக்கும் கச்சானை அப்படி விற்க முடியுமா? அது விலை சொல்லும் ஒப்ஷன் ஒப்பந்தங்களையோ, 1992இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகாடமி கூடாது என்றது. (அதற்காக அந்தப் படிப்பே கூடாது என்று பெற்றோர் யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தகாபுல் நிறுவனங்களுக்கும் அந்தக் கணிதம் தெரிந்தவர்கள் தேவை.)

தங்கைமாரே, பாடப் பட்டியலை எத்தனை தரம் வாசித்தும் எனக்கு முடிவு வரவில்லை. ஒருநாள் வாப்பாவோடு நானும் கதிரவெளிக்குப் போனேன். வாப்பாவைக் 'காக்கா' என்று கூப்பிடும் ஒரு முதிய விவசாயியிடம், விளைச்சல் அழிந்த வருசங்களைக் கேட்டுக் கொப்பியில் எழுதினேன்.

"78இல் சூறாவளி. 2011 தையில வெள்ளம். சுனாமி மழைக் கணக்கில வராதுதானே?" என்று சொல்லிக்கொண்டே போனார்.

"2006, 2007இல?" என்றேன்.

"அந்த நேரம் என்ன மழை பெஞ்சதெண்டு ஆருக்குத் தெரியும் பிள்ள? நாங்க ஊரில இல்லையே."

எழுதிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. விடுபட்ட தரவு என்பது புள்ளிவிபரவியலில் தனியொரு பாடம். வெற்றிடத்தைச் சராசரியால் நிரப்பிவிட்டால், ஏற்ற இறக்கம் உள்ளதைவிடக் குறைவாகவே தெரியும். அந்தக் கணக்கை நம்பி ஒரு காப்புறுதித் திட்டம் போட்டால், கெட்ட வருசத்தில் நிதி போதாமல் போகும்.

திரும்பி வரும்போது பனிச்சங்கேணிப் பாலத்தில் வாப்பா கேட்டார்: "என்ன மகள், கொழும்புப் பக்கமா, கண்டிப் பக்கமா?"

அன்றிரவு பேராதனைப் படிவத்தை நிரப்பினேன். கொப்பியில் அந்த இரண்டு வருசங்களுக்கும் நேரே இன்னும் ஒன்றும் எழுதவில்லை.