நின்றாரா, நிறுத்தினாரா?



கெடாவின் தென்பகுதியில் ஒரு தோட்டப்பள்ளியில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்தேன். ஆண்டு 2009. ‘என் தந்தை’ என்னும் தலைப்பில் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி இவ்வாறு எழுதியிருந்தாள்: “மை பாதர் ஸ்டாப்ட் டு டேப் ரப்பர்.”

படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “உன் அப்பா எங்கேயோ போய்க்கொண்டிருந்தவர், மரத்தைக் கண்டதும் பால் வெட்டுவதற்காக நின்றுவிட்டாரா?” என்று வகுப்பிலேயே கேட்டேன். மற்றப் பிள்ளைகளும் சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

“இல்ல டீச்சர். மரத்தெல்லாம் சாய்ச்சிட்டு செம்பனை போடப் போறாங்க. அப்பாவுக்கு வேலை இல்ல.”

சிவப்பு மை கையிலிருக்க, நான் வாயடைத்து நின்றேன். பிள்ளை வீட்டுத் துயரத்தை எழுதியிருக்கிறாள். நானோ அதில் ஒரு ‘டு’வை மட்டும் பார்த்தேன்.

அன்றிரவு யோசித்தேன். இந்தப் பிழை எங்கிருந்து வந்தது? தமிழிலிருந்து வரவில்லை. ‘பால் வெட்ட நிறுத்தினார்’ என்று எந்தத் தமிழ்ப் பிள்ளையும் சொல்லாது. ‘பால் வெட்டுவதை நிறுத்தினார்’ என்றே சொல்லும். மலாயிலோ ‘பெர்ஹெந்தி மெனோரே’, ‘மாஹு மெனோரே’ என்று இரண்டு இடத்திலும் வினை ஒரே வடிவில் நிற்கும். அதற்குமேல், ‘வாண்ட் டு’, ‘லைக் டு’ என்று ஆண்டு முழுவதும் ஒப்புவிக்கச் செய்தவள் நான்தான். அவள் கற்றதையே எழுதினாள்.

‘வெட்டுதல்’, ‘வெட்டுவது’ ஆகியவை பெயர்போல் நின்று ஐயுருபை ஏற்கும். ‘வெட்ட’ என்பதோ நன்னூல் கூறும் ‘செய’ என்னும் வாய்பாட்டு வினையெச்சம். உருபை ஏற்காது, முடிப்பதற்கு வேறொரு வினையை நாடும். ஆங்கிலத்தின் ‘இங்’ வடிவமும் ‘டு’ வடிவமும் பல இடங்களில் இவற்றோடு ஒத்துப்போகின்றன. ‘செய்வதை’ முடித்தான், தவிர்த்தான், ரசித்தான் என்றால் பினிஷ், அவாய்ட், என்ஜாய்: பின்னால் ‘இங்’. ‘செய்ய’ விரும்பினான், மறுத்தான், கற்றான் என்றால் வாண்ட், ரெஃப்யூஸ், லேர்ன்: பின்னால் ‘டு’. ‘கதவைப் பூட்ட மறந்தேன்’, ‘கதவைப் பூட்டியதை மறந்தேன்’ என்னும் வேறுபாடுகூட ‘பர்கெட் டு லாக்’, ‘பர்கெட் லாக்கிங்’ என அப்படியே அமைகிறது.

இது எல்லா இடத்திலும் கைகொடுக்காது. ‘பாடப் பழகினாள்’ என்கிறோம். ஆங்கிலத்தில் ‘பிராக்டிஸ் சிங்கிங்’ என்றுதான் வரும். ‘சஜெஸ்ட்’ என்பதற்குப் பின்னும் ‘டு’ வாராது. இத்தகைய சிலவற்றைத் தனியே எழுதி மனத்தில் பதிக்கவேண்டும். ஆனால் நூறு சொற்களை மனப்பாடம் செய்வதைவிட, பாதிக்கு மேல் தாய்மொழியே வழிகாட்டும் என்றால் பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய துணை!

மறுநாள் வகுப்பில் முதலில் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். பிறகு இரண்டு ஆங்கில வாக்கியங்களையும் கரும்பலகையில் எழுதி, தமிழில் எப்படிச் சொல்வாய் என்று கேட்டேன். அவளே எழுந்து, “இது நின்னாரு, இது நிறுத்திட்டாரு டீச்சர்” என்றாள். பிறகு தன் வாக்கியத்தைத் தானே திருத்தினாள்: “மை பாதர் ஸ்டாப்ட் டேப்பிங் ரப்பர்.” இம்முறை யாரும் சிரிக்கவில்லை.

அப்போது யு.பி.எஸ்.ஆர். தேர்வு எங்களை விரட்டிக்கொண்டிருந்தது. காரணம் கேட்க நேரமில்லை என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டதுண்டு. 2021இல் அத்தேர்வே நீக்கப்பட்டுவிட்டது. இனி அந்தச் சாக்கும் இல்லை.

பெற்றோர்களே, பிள்ளை ஆங்கிலத்தில் தடுமாறினால், “தமிழில் பேசாதே, ஆங்கிலம் கெட்டுவிடும்” என்று அதட்டாதீர்கள். “இதைத் தமிழில் எப்படிச் சொல்வாய்?” என்று முதலில் கேளுங்கள். ஆசிரிய நண்பர்களே, வட்டமிடுவதற்கு முன் வாக்கியத்தை ஒருமுறை முழுதாகப் படியுங்கள். அதற்குள் ஒரு வீடு இருக்கலாம்.