நான்காம் வேற்றுமையும் ஆறாம் வேற்றுமையும்

பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையை அடுத்த உணவுக்கடைகளில் நண்பகல் வேளையில் காணக்கூடிய காட்சி ஒன்று உண்டு. சக்கர நாற்காலியில் ஒருவர் வருகிறார். உடன் அவருடைய நண்பர் வருகிறார். கடைக்காரர் நிற்பவரைப் பார்த்து, “அண்ணே, அவருக்கு என்ன வேணும்?” என்று வினவுகிறார். கேட்பவர் தீயவர் அல்லர், இரக்கத்தோடுதான் கேட்கிறார். ஆயினும் காலில் உள்ள குறை நாவிற்கும் ஏறிவிட்டது என்று அவர் எப்படியோ முடிவு செய்துவிட்டார்.

“அவருக்கு” என்னும் அச்சொல்லின் இறுதியில் நிற்கும் உருபை எண்ணிப் பார்த்தல் தகும். நான்காம் வேற்றுமையைக் கற்பிக்கும் ஆசிரியர் முதலில் எடுத்துரைப்பது கொடைப்பொருளையே. கொடுப்பவர் ஒருவர், கையேந்துபவர் மற்றொருவர். ஆறாம் வேற்றுமையோ கிழமைப்பொருளது; இன்னது இன்னாருடையது என்று உரிமை கூறுவது. ஐக்கிய நாடுகள் நிறுவனம் 1981ஆம் ஆண்டை உலக அளவில் சிறப்பிக்க 1976இல் முடிவு செய்தபோது, முதலில் சூட்டிய பெயர் தமிழில் சொன்னால் “ஊனமுற்றோருக்கான ஆண்டு” என்பதாகும். பின்னர் அது “ஊனமுற்றோருடைய ஆண்டு” எனத் திருத்தப்பெற்றது. ஆங்கிலத்தில் மாறியது ஒரு சிறு இடைச்சொல்தான். அச்சிறு மாற்றத்திற்குப் பின்னே நின்ற மனக்கொதிப்பு சிறியதன்று.

அக்கொதிப்பு வெளிப்பட்ட இடம் கனடாவின் வின்னிபெக் நகரம். மறுவாழ்வுத் துறை வல்லுநர்களின் அனைத்துலக அமைப்பு 1980இல் அங்கு மாநாடு கூட்டியது. மருத்துவர்களும் சமூகப் பணியாளர்களும் ஊனமுற்றோரைப் பற்றிப் பேசினர். ஊனமுற்றோரோ அவையில் சிறுபான்மையினராய் அமர்ந்திருந்தனர். பேராளர்களில் பாதிப்பேர் ஊனமுற்றவராக இருத்தல் வேண்டும் என்று சுவீடன் நாட்டுக் குழுவினர் கொணர்ந்த முன்மொழிவு தோற்கடிக்கப்பட்டது. வந்திருந்த ஊனமுற்றோர் தனியே கூடித் தமக்கென ஓர் உலக அமைப்பு காண்பதெனத் தீர்மானித்தனர். மறு ஆண்டே அது சிங்கப்பூரில் பிறந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து பேராளர்கள் வந்து சேர்ந்தனர். அதன் முதல் தலைவராய்த் தேர்வு பெற்றவர் சிங்கப்பூரைச் சேர்ந்த ரான் சந்திரன் டட்லி; இளமையிலேயே பார்வையை இழந்தவர். உலக அமைப்பொன்றின் தலைமை பினாங்கிற்கு அண்டையிலேயே இருந்தது என்பதை இவ்வட்டாரத் தமிழர் பலர் அறியாதிருப்பது வியப்பே.

பினாங்குத் தீவின் வடகரையிலும், மாநாடு எதுவுமின்றி இத்தகைய செயல் ஒன்று நிகழ்ந்திருக்கிறது. தஞ்சோங் பூங்காவில் 1954இல் செவிப்புலனற்ற பிள்ளைகளுக்கென ஒரு பள்ளி தொடங்கப்பட்டது. உதட்டசைவைக் கண்டு பொருள் உணர்ந்து வாயால் பேசப் பழக்குவதே அக்காலக் கல்விமுறை; கையசைத்துப் பேசுவதை அம்முறை ஊக்கவில்லை. பிள்ளைகள் வகுப்பில் உதடுகளைப் பார்த்தனர். வகுப்புக்கு வெளியே, ஆசிரியர் கண் மறைந்தவுடன், கைகளால் பேசினர். எவரும் கற்பிக்காத அச்சைகைகள் நாளடைவில் ஒரு மொழியாயின. பினாங்குச் சைகைமொழி என்று அதற்கு இன்று பெயர். பின்னர், மலாய் மொழியின் இலக்கணத்தை ஒட்டிக் கைக்குறியீட்டு முறை ஒன்றைக் கல்வியாளர்கள் வகுத்துப் பள்ளிகளில் புகுத்தினர். அது அவர்களுக்காகச் செய்யப்பட்டது. முன்னதோ அவர்களுடையது. தாய்மொழிப் பள்ளிக்காக வாதாடிப் பழகிய தமிழாசிரியர்க்கு இவ்வேறுபாட்டை விரித்துரைக்கத் தேவையில்லை. 2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம், செவிப்புலனற்றோரின் அதிகாரத்துவ மொழியாக ஏற்றுக்கொண்டது மலேசியச் சைகைமொழியைத்தான்.

தீவின் தென்பகுதியான பாயான் லெப்பாஸுக்கு இருபெரும் வாயில்கள். ஒன்று, 1972இல் தொடங்கப்பட்ட தடையற்ற வாணிப வட்டாரம். அது வேலைக்கு வாயில். மற்றொன்று, வெளியுலகிற்கு வாயிலான விமான நிலையம். இரண்டிலும் நடக்க இயலாதவரை மறிப்பது பெரும்பாலும் படிக்கட்டே. விமானத்தின் படிகளில் ஒருவரை மூட்டைபோல் தூக்கிச் செல்வதை உதவி என்று கருதிய காலம் இருந்தது. 2007இல் சக்கர நாற்காலியர் பலர் சிப்பாங் விமான நிலையத்தில் திரண்டு, மலிவுக் கட்டண விமான நிறுவனம் ஒன்றின் சேவையை எதிர்த்து மறியல் செய்தனர். அவர்கள் கேட்டது சலுகைக் கட்டணமன்று. ஏனையோரைப்போல் பயணச்சீட்டு வாங்கித் தாமே சென்று அமரும் வழி. பின்னர் அந்நிறுவனம் நாற்காலியோடு ஏற்றிவிடும் தூக்கி வண்டியைக் கொணர்ந்தது. பார்வையற்ற பொருளியல் பேராசிரியர் இஸ்மாயில் முகமட் சாலே மேலவை உறுப்பினராக நியமனம் பெற்றதும் அதே ஆண்டில்தான். அவர் 2009இல் காலமானார்.

அரசமைப்புச் சட்டத்தின் எட்டாம் பிரிவில், வேறுபாடு காட்டலாகாத காரணங்களின் வரிசையில் 2001இல் பாலினம் சேர்க்கப்பட்டது, ஊனம் சேர்க்கப்படவில்லை. 2008ஆம் ஆண்டுச் சட்டமோ போக்குவரத்து, கல்வி, வேலை ஆகியவற்றில் உரிமைகளை எடுத்துரைத்தது. எனினும் அவ்வுரிமைகளை மறுப்பவர்க்குத் தண்டனை எதையும் அது விதிக்கவில்லை. அச்சட்டத்தின்படி தேசிய மன்றம் ஒன்றும் அமைந்தது. அமைச்சர் அதன் தலைவர். துறைச் செயலாளர்கள் உறுப்பினர்கள். அவர்களோடு மாற்றுத்திறனாளிகளின் சிக்கல்களில் அனுபவமும் அறிவும் உடையவராகப் பத்துப் பேருக்கு மிகாமல் அமைச்சர் நியமிக்கலாம். அந்தப் பத்துப் பேர் மாற்றுத்திறனாளிகளாகவே இருத்தல் வேண்டும் என்று, இயற்றப்பட்டபோது அச்சட்டம் கூறவில்லை. வின்னிபெக்கில் கேட்கப்பட்ட “பாதி” அதில் எங்கும் காணப்படவில்லை.