நாற்பதுக்குள் அடங்காத பெயர்கள்

எங்கள் வாசிகசாலை அட்டைகளில் பலருடைய தகப்பன் பெயர் ஒற்றை எழுத்தாய் நிற்பதற்குக் காரணம் நான்தான். காரணம் தெரிந்த பிறகும் வாய் திறக்காமல் இருந்தேன்.

கொழும்புத்துறை வாசிகசாலைக்கு அங்கத்தவர் பதிவேட்டைக் கணினியில் செய்து கொடுத்தேன். வீட்டில் எஸ்கியூலைட் என்ற தரவுத்தளத்தில் எழுதி, இணையத்தில் ஏற்றும்போது மைஎஸ்கியூஎல் என்ற இன்னொரு தரவுத்தளத்துக்கு மாற்றினேன். இரண்டும் பேசும் எஸ்கியூஎல் மொழிக்கு 1986 முதல் நியமம் இருக்கிறது. ஒரே பெயருள்ள சார்பு எங்கும் ஒரே விடைதான் தரும் என்று நம்பினேன். பெயர் 40 எழுத்தைத் தாண்டக்கூடாது என்று பார்க்க ‘லெங்த்’ என்ற சார்பை வைத்திருந்தேன். இரண்டு தளத்திலும் அது ஓடும். ஆனால் எஸ்கியூலைட் யூனிகோட் குறியீடுகளை எண்ணும். மைஎஸ்கியூஎல் பைட்டுகளை எண்ணும்.

எங்கள் ஊர்ப்பெயரையே பாருங்கள். கொ, ழு, ம், பு, த், து, றை என்று கண்ணுக்கு ஏழு எழுத்து. யூனிகோடில் அகரமேறிய எழுத்தும் அதனோடு சேரும் குறியும் தனித்தனிக் குறியீடு என்பதால் 14. யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆக 42. ஊர்ப்பெயரே என் நாற்பதுக்குள் அடங்காது. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். தமிழ் வாசிகசாலைக்குச் செய்த நிரலை நான் ஆங்கிலப் பெயர்களை இட்டே சோதித்திருந்தேன்.

இன்னொன்றும் பிழைத்தது. சொற்களை ஒட்டுவதற்கு நியமத்தில் உள்ள இரட்டைக் கோட்டை (||) மைஎஸ்கியூஎல் வழமையாக ‘அல்லது’ என்றே எடுத்துக்கொள்ளும். அட்டையில் பெயர் வரவேண்டிய இடத்தில் 0 அச்சாகி வந்தது. அதை அன்றிரவே திருத்தினேன், ஏனென்றால் அது எனக்கு அவமானம். நீளமான பெயர்களை நிரல் ஏற்காததால் மற்றவர்களுக்குத்தான் கஷ்டம், அதை விட்டுவைத்தேன். “தகப்பன் பெயருக்கு முதலெழுத்தைப் போட்டுப் பதியுங்கோ” என்று பதிவில் இருந்த பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன்.

“தம்பி, என்ர அப்பான்ர பேரை ஏன் ஒரு எழுத்தாக்கினனீங்கள்?” என்று ஒரு அம்மா வந்து கேட்டார்.

“கம்பியூட்டர் ஏற்காது அம்மா” என்றேன். அது பொய். மைஎஸ்கியூஎல் கைநூலை அதற்கு முன்பே வாசித்திருந்தேன். லெங்த் பைட்டைத்தான் எண்ணும் என்று அதில் தெளிவாக இருக்கிறது.

எழுத்தையும் பைட்டையும் வேறுபடுத்தி எண்ணுவதற்கு 1992 நியமத்திலேயே தனித்தனிச் சார்புகள் வந்துவிட்டன. எழுத்தை, அதாவது யூனிகோட் குறியீட்டை, எண்ணும் ‘சார் லெங்த்’ மைஎஸ்கியூஎல்லிலும் போஸ்ட்கிரெஸ்கியூஎல்லிலும் உண்டு, எஸ்கியூலைட்டில் இல்லை. எஸ்கியூஎல் சேர்வரில் அதற்கு ‘லென்’ என்று பெயர். ஆகவே நிரலில் நீளம் பார்ப்பதை ஓரிடத்தில் வைத்து, தளத்துக்கேற்ற சார்பை அங்கிருந்து அழைக்க வேண்டும். பெரிய வேலை இல்லை. இப்போது செய்துவிட்டேன். ஆனால் பதிவேட்டில் ஏறாமலே போன எழுத்தை எந்தக் கட்டளையாலும் மீட்க முடியாது.

அந்த அம்மாவின் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். மற்றவர்களுக்கு இதன்மூலம் சொல்கிறேன்: உங்கள் அட்டையில் தகப்பன் பெயர் ஒற்றை எழுத்தாய் இருந்தால், தயவுசெய்து வந்து முழுப்பெயரையும் சொல்லுங்கள். நானே இருந்து பதிகிறேன்.